ஆம்புலன்ஸ் நின்ற நான்கு நிமிடம்

தேவமணி அண்ணாச்சி பதினோரு வருடமாகச் சேரன்மகாதேவியிலிருந்து பாளையங்கோட்டைக்கு ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர். அதற்கு முன்பு வாழைத்தார் லாரி. கொண்டுபோய்ச் சேர்த்த நோயாளியை மறுநாள் வார்டு வாசலில் விசாரித்துவிட்டு வருவது அவர் வழக்கம். "ஆளு எந்திரிச்சு இட்லி தின்னாச்சு" என்று டீக்கடையில் சொல்லும்போது, பிழைத்தது சொந்தச் சித்தப்பாதானோ என்று தோன்றும்.

நான் செல்போன் டவர் கம்பெனியில் இன்ஜினியர். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

"ஏலே ஜெனோ, ஆஸ்பத்திரியில இருந்து டாக்டரு ஆம்புலன்ஸுக்கு வீடியோவுல பேசுதாரு. வண்டி ஓடயில பேச்சு அறுந்து அறுந்து வருது. என்ன டவரு வச்சிருக்கிய?" என்றார் ஒருநாள்.

"டவருல அறுபத்துநாலு ஆன்டெனா இருக்கு அண்ணாச்சி. உங்க போனுக்கு அலை எந்த வழியா வருதுன்னு அளந்து, எல்லாம் சேந்து அங்கன குறி வச்சு அனுப்பும். அளந்து முடிக்கதுக்குள்ள நீங்க நகந்துருதிய. பழைய அளவுல அனுப்புனா அலை ஒண்ணையொண்ணு அழிச்சிரும்."

"அப்போ நின்னா?"

"நின்னா தெளிவா கிடைக்கும்."

சந்தேகமே இல்லாமல் சொன்னேன்.

ஐப்பசியில், நெஞ்சுவலி வந்த தில்லைநாயகம் என்ற ஓய்வுபெற்ற வாத்தியாரை அண்ணாச்சி ஏற்றிக்கொண்டு போனார். வழியில் மூச்சுத் திணறியது. ஊசி போடலாமா என்று வண்டியில் இருந்த நர்ஸ் சித்ரலேகா வீடியோவில் கேட்க, டாக்டரின் பதில் துண்டுதுண்டாக வந்தது. அண்ணாச்சி வயலோரம் வண்டியை நிறுத்தினார். நின்றும் பேச்சு தெளியவில்லை. நான்கு நிமிடம் பார்த்துவிட்டுக் கிளம்பினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரை இறக்குமுன் வாத்தியாரின் உயிர் போய்விட்டது.

நான்கு நிமிடத்தால் ஒன்றும் மாறியிருக்காது என்றாராம் டாக்டர். இரண்டு நாள் கழித்து அண்ணாச்சி டீக்கடைக்கு என்னைத் தேடி வந்தார்.

"நிக்காம போயிருந்தா அவிய இருந்திருப்பாவளாலே?"

"தெரியல அண்ணாச்சி."

"நின்னா கிடைக்கும்னியே."

அந்த இடத்தின் டவர் பதிவுகளை அதற்குள் பார்த்திருந்தேன். "டவரு ரொம்பத் தூரம். போன்ல இருந்து வர்ற சிக்னலை வச்சுதான் டவரு அளக்கும். அது மின் இரைச்சல்ல முங்கிப் போச்சுன்னா அளவே தப்பா வரும். அப்போ நின்னாலும்..."

"இது உனக்கு முன்னாலயே தெரியுமா?"

"படிச்சிருக்கேன்."

அவர் கோபப்படவில்லை. டீ கிளாஸை மெல்லப் பெஞ்சில் வைத்தார். "அன்னைக்கே இதையும் சொல்லிருக்கலாம்லா."

இப்போதும் அவர்தான் ஓட்டுகிறார். வழியில் எங்கும் நிறுத்துவதில்லை. மறுநாள் வார்டு வாசலுக்கும் போவதில்லை.