மச்சாளுக்குச் சொல்லாத ஒன்று

இத்தாலியின் பலேர்மோ நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் எனக்கு அரைநாள் தாதி வேலை. மிச்ச நேரத்தில் இணையவழியில் தாதியியல் கலாநிதிப் படிப்பு. ஒரு ஞாயிறு பூசை முடிந்து தேவாலய வாசலில் நின்றபோது, என் கணவரின் அக்கா எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்:

"கிழடுகளுக்குப் பம்பர்ஸ் மாத்த இவவுக்கு டொக்டர் பட்டம் வேணுமாம்!"

எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார்.

அன்றே கறுவிக்கொண்டேன். புத்தகத்தின் முன் கண் சொருகும்போதெல்லாம் அவள் முகத்தை நினைப்பேன். தூக்கம் பறந்துவிடும்.

பட்டம் கிடைத்ததும், இந்த ஊரில் பட்டதாரிகள் சூடும் இலைக்கிரீடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு அதே வாசலுக்குப் போனேன். சொல்லவேண்டியதை நாக்கு நுனியில் வைத்திருந்தேன்: "மச்சாள், உங்களுக்கும் வயசு போகுதெல்லே? பம்பர்ஸ் மாத்த டொக்டர் நானிருக்கிறன்."

என்னைக் கண்டதும் அவள் ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். "இஞ்சை பாருங்கோ, எங்கடை வீட்டு டொக்டர்!" என்று கத்தினாள். அழுதேவிட்டாள்.

"என்ன, பேசாமல் நிக்கிறாய்?" என்று வேறு கேட்டாள்.

அவளை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவள் அன்று அப்படிச் சொல்லாதிருந்தால் முதல் வருடமே படிப்பை விட்டிருப்பேன். அதை மட்டும் சாகும்வரை அவளுக்குச் சொல்லமாட்டேன்.