இன்னாசி அண்ணனின் வாதாங்கொட்டை

"இன்னாசி அண்ணன் போயிட்டாரு" என்று போனில் அழுதவன் கதிர்வேலு. அண்ணன் இருந்தவரை அவரிடம் ஒரு நல்ல வார்த்தை பேசாதவன். சாவை உடனே நம்பினேன். அந்த அழுகையை இன்றுவரை நம்பவில்லை.

செஞ்சி கரண்ட் ஆபீசில் நாங்கள் மூவரும் ஒன்றாக வேலை பார்த்தோம். கம்பியில் உரசும் கிளைகளை வெட்டுவது லைன்மேன் இன்னாசியின் வேலை. ஊர் மரங்களையெல்லாம் கழித்துவிட்டவர், தன் வேலியோரம், கம்பிக்கு எட்டாத தூரத்தில், மூன்று நாட்டு வாதாம் மரங்களை வளர்த்தார். தேக்கு வைக்கச் சொன்னவர்களிடம், "தேக்க தின்ன முடியுமாடா? இது நான் செத்தப்புறமும் பருப்பு குடுக்கும். கறி வாங்க முடியாதவன் வூட்டுக்கும் சத்து போவும்" என்பார்.

வாதாங்கொட்டையைப் படுக்கவைத்து அடித்தால் பருப்பு கூழாகிவிடும். விளிம்பில் நிறுத்தி அடிக்க வேண்டும். யாராவது தப்பாக அடித்தால் திட்டிக்கொண்டே கல்லைப் பிடுங்கிக்கொள்வார்.

அண்ணனுக்குப் பக்கத்து வீடுதான் கதிர்வேலு. அவனுக்கு அந்த மரங்கள் வெறும் குப்பை.

"இன்னாண்ணா, எல பூரா என் வாசல்ல கொட்டுது?"

"காயும்தான் கொட்டுது. குனிஞ்சு எடுக்க உனக்கு முதுவு வளையாது."

இரங்கல் கூட்டத்தை அதே மரநிழலில் நடத்தினார்கள். ஏற்பாடு கதிர்வேலு. உதிர்ந்து கிடந்த காய்களைப் பெருக்கிக் கொளுத்திவிட்டு நாற்காலி போட்டான். அண்ணன் நினைவாக எல்லோருக்கும் பாதாம் பால் கொடுத்தான், கடைப் பவுடரில் கலக்கியது. பிறகு மைக்கைப் பிடித்தான். "பசுமைக் காவலருக்கு இங்கயே ஒரு சிலை வெக்கணும். எடம் பத்தல. ரெண்டு மரத்த எடுத்துட்டா போதும்."

கை தட்டினார்கள், வெட்கங்கெட்டவர்கள். பாதாம் பால் குடித்த வாயைத் துடைத்துக்கொண்டு தட்டினார்கள்.

அண்ணனின் மனைவி ஞானம் அண்ணி உள்ளே போய், ஒரு தட்டில் பருப்பு கொண்டுவந்து அவனிடம் நீட்டினார். அள்ளி அள்ளித் தின்றான்.

"நல்லா இருக்குதே அண்ணி! எந்தக் கடையில வாங்கனீங்க?"

அண்ணி தலைக்கு மேலே கை காட்டினார். "இத்தன வருசமா உன் வாசல்ல கொட்னதுதான். மரத்துமேல கைய வெச்சா இந்த வூட்டுப் படி ஏறாத."

சிலைப் பேச்சு அதோடு நின்றது. மரங்கள் மூன்றும் நிற்கின்றன.

இப்போது கதிர்வேலு முதுகை வளைத்துக் காய் பொறுக்குகிறான். போன வாரம் நான் அந்தப் பக்கம் போனபோது, வாசலில் உட்கார்ந்து கொட்டையைப் படுக்கவைத்து அடித்துக்கொண்டிருந்தான். திட்டிக்கொண்டே கல்லைப் பிடுங்கினேன். இன்னாசி அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான்.