விளம்பரத்தில் இருந்த ஒரு வரி

சகோதரிகளே, அல்லாஹ்வின் அமைதி உங்கள் வீடுகளில் இறங்கட்டும். வெட்கத்தை விட்டு இதை எழுதுகிறேன். நான் நல்லவளாக வரும் இடம் இதில் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் அல்லாஹ் நான் கேட்ட துஆவுக்குப் பதில் சொன்னான். அதை மறைத்தால் நன்றி கெட்டவளாகிவிடுவேன்.

திருமலைராயன்பட்டினத்தில், எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் பெண்களுக்கான ஸ்பா நடத்துகிறேன். பத்து வருடத் தொழில். கார்த்திகை மழை பிடித்த நாளில் என் விரல் நுனிகள் வெடிக்கத் தொடங்கின. பிறகு உள்ளங்கையும் வெடித்தது. தோல் டாக்டர் பார்த்துவிட்டு, பிளீச், கிரீம், வேக்ஸ் எதையும் தொடக் கூடாது என்றார். மீறினால் விரலை மடக்கவே முடியாமல் போய்விடுமாம். நல்ல கதை! என் தொழிலே தொடுவதுதானே?

நான் கையுறை மாட்டிக்கொண்டேன். சுத்தத்துக்காக என்று வருகிறவர்களிடம் சொன்னேன். உள்ளே வியர்த்து வியர்த்துப் புண் அதிகமானது. ஐந்து வேளைத் தொழுகைக்கும் கைகால் கழுவி ஒளு செய்யும்போது தண்ணீர் பட்டுக் கண் கலங்கும். துஆவுக்குக் கையேந்தினால் என் கண்முன் நிற்பது அந்த வெடித்த கைதான். அதைப் பார்க்கப் பிடிக்காமல் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன்.

வீட்டில் மாமிக்கு, என் மாமியாருக்கு, மட்டும் தெரியும். "ஊருக்கெல்லாம் சகுனம் சொல்ற பல்லி கழுநீர்ப் பானையில விழுந்த கதையாப் போச்சே" என்று சிரிப்பார். பிறகு அவரே தேங்காயெண்ணெய் தடவிவிடுவார்.

எனக்குத் துணையாக இருந்த பெண் நோன்புப் பெருநாள் முடிந்ததும் விசா வந்து துபாய் போய்விட்டாள். அந்த ஷவ்வால் மாதத்தில் கல்யாணப் பெண்கள் வரிசையாக இருந்தார்கள். கை இப்படி என்று சொன்னால் ஒருத்தியும் முகத்தைக் கொடுக்க மாட்டாள். சொல்லாமல் வேலை பார்த்தால் கை போய்விடும். இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்களே, அந்த எறும்பு நான்தான். குவைத்திலிருந்து மச்சான், என் கணவர், "மூடிட்டு நிம்மதியா இரேன்" என்றார். மூடிவிட்டு எங்கே போவது? அந்தக் கீழ்த்தளம்தான் எனக்கென்று இருந்த ஒரே இடம். அந்த நாட்களில் அதுவே எனக்குச் சிறையாகவும் இருந்தது.

"யா அல்லாஹ், நல்ல கையுள்ள ஒருத்தியை அனுப்பு" என்று அழுதேன். விளம்பரமும் எழுதினேன். கையுறையோடு போனில் எழுத்து விழவில்லை. கழற்றிவிட்டு வலியோடு அடித்தேன். 'பெண்களுக்கான ஸ்பாவுக்கு அனுபவமுள்ள பியூட்டிஷியன் தேவை. ஃபேஷியல், திரெட்டிங் தெரிந்திருக்க வேண்டும். முகப்பொலிவு அவசியம்.' எல்லாரும் போடுகிற கடைசி வரிதான், நானும் போட்டேன். ஊரிலுள்ள எல்லா வாட்ஸ்அப் குழுக்களுக்கும் அனுப்பினேன்.

மறுநாள் காலையிலேயே ஒருத்தி வந்தாள். பெயர் செல்வி, கருக்களாச்சேரிக்காரி. சென்னையில் பெரிய ஸ்பா ஒன்றில் ஆறு வருடம் வேலை பார்த்தவள். முகத்தைப் பார்த்தேன். உதட்டைச் சுற்றியும் கண்ணைச் சுற்றியும் வெண்புள்ளிகள். அது யாருக்கும் தொற்றாது என்று எனக்குத் தெரியும். தொழிலில் முதல் பாடமே அதுதான். ஆனாலும், "ஆள் எடுத்தாச்சும்மா" என்று பொய் சொன்னேன். உட்காரச் சொல்லவில்லை. தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. போன அவசரத்தில் சான்றிதழ் ஃபைலை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

பிறகு இரண்டு வாரம் நான் அழாத நாள் இல்லை. ஒருத்தி வந்தாள், இரண்டே நாளில் நின்றுவிட்டாள். இன்னொருத்திக்குத் திரெட்டிங் நூலைப் பிடிக்கவே தெரியவில்லை. என் துஆ கூரையைக்கூடத் தாண்டவில்லையோ என்று மனம் உடைந்து போனேன்.

அந்த வியாழக்கிழமை பக்கத்துத் தெரு கல்யாணப் பெண் ஃபேஷியலுக்கு வந்திருந்தாள். கண்மேல் பஞ்சை வைத்து, கிரீம் தடவி, பாதி மசாஜில் இருந்தேன். சுரீர் என்றது. கையுறைக்குள் ரத்தம். விரல் மடங்கவில்லை. "ஒரு நிமிஷம்மா" என்று உள்ளறைக்கு ஓடினேன். கையுறையைக் கழற்றி, அப்படியே கையேந்தினேன். முதல் தடவையாகக் கண்ணை மூடவில்லை. "யா அல்லாஹ், இதோ என் கை. இனி என்னால் முடியாது" என்றேன். அவ்வளவுதான் சொல்ல வந்தது.

வாசலில் மணி அடித்தது.

செல்வி நின்றாள். "ஃபைல வாங்கிட்டுப் போக வந்தேன்க்கா. நாளைக்கு நாகப்பட்டினத்துல ஒரு இண்டர்வியூ." சொல்லும்போதே என் கையைப் பார்த்துவிட்டாள். மறைக்க நேரமில்லை.

"தண்ணில வைக்காதீங்கக்கா. உள்ள ஆள் இருக்காங்களா?"

தலையாட்டினேன். அவள் கை கழுவிக்கொண்டு உள்ளே போனாள். நான் சுவரில் சாய்ந்து நின்று பார்த்தேன். தாடையிலிருந்து காது வரை என்ன நிதானம், என்ன மென்மை! இரண்டு நிமிடத்தில் படுத்திருந்த பெண், "ராத்தா, கை மாறிருச்சா? ரொம்ப நல்லாருக்கே" என்றாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். கேட்ட மறுநாளே அல்லாஹ் அனுப்பிவிட்டான். வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பியவள் நான். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

பஞ்சை எடுத்ததும் அந்தப் பெண் செல்வியின் முகத்தைப் பார்த்தாள். "கல்யாணத்தன்னைக்கும் நீங்களே வருவீங்களா?" என்று கேட்டாள்.

அன்று செல்வியிடம் மன்னிப்புக் கேட்டேன். "அந்த வரியைப் படிச்சுட்டுமா வந்தே?"

"எல்லா விளம்பரத்துலயும் அது இருக்குக்கா. அதுக்குப் பயந்தா நான் எந்த வாசப்படியும் ஏற முடியாது."

அந்தச் சிறையில் நான் மாட்டிக்கொண்டிருந்தது சில மாதங்கள். அவள் வருடக்கணக்காக மாட்டிக்கொண்டிருந்தாள், அதற்கு என் பங்கும் ஒரு வரி.

அல்ஹம்துலில்லாஹ், இப்போது செல்விதான் எங்கள் ஸ்பா. நான் கணக்கும் வரவேற்பும் பார்க்கிறேன். என் கை பாதிதான் ஆறியிருக்கிறது. கையுறை போடுவதில்லை, கேட்பவர்களிடம் உள்ளதைச் சொல்கிறேன். இரண்டு பேர் வருவதை நிறுத்தினார்கள். போகட்டும்.

சகோதரிகளே, நெருக்கடியில் இருந்தால் கேளுங்கள், அவன் தருவான். கேட்டுவிட்டு வாசலையும் பாருங்கள். சென்ற வாரம் இன்னொரு ஆள் வேண்டி விளம்பரம் எழுதினோம். பழைய வரியை அழித்துவிட்டு, "அந்த இடத்துல என்ன போடலாம்?" என்று செல்வியைக் கேட்டேன்.

"ஒண்ணும் போட வேணாம்க்கா. வர்றவங்கள உக்கார வச்சு, மொதல்ல தண்ணி குடுங்க" என்றாள்.