ஓமத்து மண்ணும் பின் சில்லும்

பனியை நான் முதன்முதலில் கையால் தொட்டது ஒரு காரின் பின் சில்லுக்கு, அதாவது பின் சக்கரத்துக்கு, அருகே முழங்காலிட்டபோதுதான். அந்தப் பயணத்துக்கு முன் குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டில் படிந்திருப்பதைச் சுரண்டிய அனுபவம் மட்டுமே எனக்கு உண்டு.

சிட்னியின் டூங்கபியில் இருக்கும் ஒரு சிறிய வாடகைக் கார் நிறுவனத்தில் ஓட்டுநராக வேலை செய்கிறேன். இலங்கையில் ஓ.எல். பரீட்சை வரை படித்தவள். புது ஆட்களோடு பேச எனக்குக் கூச்சம். ஓட்டுநர் அதிகம் பேசத் தேவையில்லை என்பதாலேயே இந்த வேலை எனக்குப் பொருந்தியது. எங்களிடம் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் பனிமலைப் பயணத்தைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். நேரில் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

1. சங்கிலி எந்தச் சில்லுக்கு?

எங்கள் முதலாளி ரமணன் என்னைவிட வயதில் இளையவர். ஓர் ஆவணி மாதத்தில், இங்கே குளிர்காலம் இன்னும் முடியாத நேரம், என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, ஜிண்டபைனுக்கு மேல ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின்ர அம்மா, அப்பா, ஐயர், மூண்டு பேரைக் கொண்டுபோய் விடோணும்."

"அங்க பனி எல்லோ?"

"பனிக்குத்தானே போகினம். பொடியனும் பொம்பிளையும் சறுக்கப் போன இடத்திலதான் சந்திச்சவையாம். கல்யாணமும் அங்கதான் எண்டு நிக்கினம்."

"அப்ப நாலு சில்லும் ஓடுற வண்டியைக் குடுக்கலாமே?"

"அது எப்பவோ புக்காயிட்டுது. அவைக்கும் கறுப்புக் கார்தான் வேணுமாம். நீங்கள் வடிவா ஓட்டுவியள். பனியில சறுக்காமல் சில்லில சுத்துற சங்கிலியை மட்டும் பின் சில்லுக்குப் போடுங்கோ. பக்கத்துக் கார்க்காரன் முன்னுக்குப் போடுறான் எண்டு பார்த்து நீங்களும் போட்டிடாதேங்கோ."

கறுப்புக் கார் என்றால் எங்களிடம் உள்ள நீளமான ஜெர்மன் சொகுசுக் கார். தோல் இருக்கை, சத்தமே இல்லாத இன்ஜின். கல்யாணங்களுக்கு அதைத்தான் கேட்பார்கள். இப்போது வீதியில் ஓடும் பெரும்பாலான கார்களை முன் சில்லுகள் இழுக்கின்றன. இந்தக் காரில் முன் சில்லுகள் திரும்ப மட்டும்தான். தள்ளுவது பின் சில்லுகள். பல வருடமாக அதை ஓட்டியிருந்தும், என்னை யார் தள்ளுகிறார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. அன்று பின்னேரம் காரைச் சுற்றி நடந்து, குனிந்து பார்த்தேன். புதிதாக ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அறிய வேண்டும் என்ற ஆவல் பிடித்துவிட்டது.

புறப்படும் நாள் ஐயர் தன் சாமான்களோடு வந்தார். வேட்டிக்கு மேல் தடித்த ஜாக்கெட், காலில் கம்பளிக் காலுறை, அதற்கு மேல் செருப்பு. நல்ல உடம்பான ஆள். அரிசி, தேங்காய், ஓம குண்டத்துக்குச் செங்கல், ஒரு பை மணல் எல்லாம் டிக்கியில் ஏறின.

மாப்பிள்ளையின் அப்பா தயா அங்கிள் மணலைப் பார்த்துச் சிரித்தார். "ஐயர், சிட்னியில இருந்து மண் கொண்டு போறியளோ? மலையில மண் இல்லையோ?"

"மண் இருக்கும் அண்ணை. அதுக்கு மேல ஆளுயரத்துக்குப் பனி கிடக்குமே, ஆர் கிண்டுறது?"

மாப்பிள்ளையின் அம்மா மலர் அன்ரி ஒன்றையும் டிக்கியில் வைக்க விடவில்லை. கூறைச் சேலையும் தாலிக்கொடியும் இருந்த தட்டத்தைப் பட்டுத் துணியால் மூடி, வழி முழுவதும் மடியிலேயே வைத்திருந்தார். எங்கள் வழக்கத்தில் கூறையும் தாலியும் மாப்பிள்ளை வீட்டார் கொண்டு போக வேண்டும். பொம்பிளை அந்தக் கூறையை உடுத்து வந்த பிறகுதான் தாலி ஏறும்.

2. கேத்தில்

இரவு மலையடிவாரத்து ஜிண்டபைனில் தங்கினோம். மற்றவர்கள் எல்லாரும் ஏற்கெனவே மேலே கல்யாண விடுதிக்குப் போய்விட்டார்கள். ஐயருக்கு முதல் நாள் சிட்னியில் வேறு ஒரு கல்யாணம் இருந்ததால் நாங்கள் பிந்திவிட்டோம்.

சங்கிலி வாடகைக்கு எடுத்த கடையில் எனக்குச் சில விஷயங்களைச் சொல்லித் தந்தார்கள். வைப்பரை இரவில் தூக்கி நிறுத்தி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடியோடு உறைந்து ஒட்டிவிடும். கை பிறேக் போடக்கூடாது, அதுவும் உறைந்து இறுகிவிடும். சமதரையில் நிறுத்திக் கியரில் விட்டால் போதும். டீசல் கார் என்றால் மலையடிவாரத்தில் விற்கும் குளிருக்கான டீசலை அடிக்க வேண்டும்.

காலையில் கண்ணாடி முழுக்கப் பனிக்கட்டி. நான் பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டிக்கொண்டிருந்தபோது தயா அங்கிள் ஆவி பறக்கும் கேத்திலோடு வந்தார்.

"தள்ளு பிள்ளை, ஒரு நிமிஷத்தில கழுவி விடுறன்."

எனக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. நல்லகாலம், நாங்கள் தங்கிய வீட்டின் உரிமையாளரான வெள்ளைக்காரப் பெண் யன்னலைத் திறந்து "நோ! நோ!" என்று கத்தினார். கொதிநீர் பட்டால் கண்ணாடி வெடித்துவிடும். அங்கிள் கேத்திலைக் கொண்டுபோய் தேநீர் ஊற்றினார்.

3. ஏற்றம்

பிரதான வீதியில் பனியை வழித்து விட்டிருந்தார்கள். சங்கிலி போடும் இடத்தில் நின்ற அதிகாரி, சங்கிலி டிக்கியில் இருந்தால் போதும், மேலே பிரச்சினையில்லை என்று அனுப்பிவிட்டார். அக்சிலரேட்டரை முட்டை மேல் கால் வைத்த மாதிரி மெதுவாக மிதித்துப் போனேன். வளைவுகளில் பின்பக்கம் கொஞ்சம் அலைந்து, பிறகு தானாக நேரே வந்தது. பயத்தைவிட வியப்பாகவே இருந்தது. முன்பக்கம் ஒரு வழியும் பின்பக்கம் ஒரு வழியும் போக நினைக்கிற காரை நான் அதுவரை ஓட்டியதில்லை.

கல்யாண விடுதிக்குத் திரும்பும் கிளை வீதி வேறு மாதிரி இருந்தது. ஒருவரும் வழிக்காத புதுப் பனி, நல்ல ஏற்றம். சமதரையிலேயே நின்று சங்கிலி போட்டிருக்க வேண்டும். "ஒருக்கா நிப்பாட்டட்டோ?" என்று கேட்டேன். "நேரம் போகுது பிள்ளை, போ போ" என்றார் அங்கிள். போனேன்.

பாதி ஏற்றத்தில் தோளில் பனிச்சறுக்குப் பலகைகளோடு நாலைந்து பேர் வீதியைக் கடந்தார்கள். நான் மரியாதையாக நிறுத்தினேன். அவர்கள் நன்றி என்று கை காட்டிப் போனார்கள். அதன் பிறகு கார் நகரவில்லை. பின் சில்லுகள் நின்ற இடத்திலேயே சுற்றி, கீழே இருந்த பனியைக் கண்ணாடி போலத் தேய்த்துவிட்டன.

"ஏறுதில்லையோ?" என்று கேட்ட அங்கிள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "எல்லாரும் இறங்குங்கோ. பாரத்தைக் குறைச்சால் ஏறும். எத்தினை பஸ் தள்ளியிருக்கிறம்!"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நாங்கள் வளர்ந்த இடத்தில் பஸ் ஏற்றத்தில் நின்றால் இறங்கித் தள்ளாதவன் மனிதனே இல்லை. அன்ரி தட்டத்தோடு இறங்கினார். ஐயர் இறங்கினார். இரண்டு ஆண்களும் அரிசி, செங்கல், மணல், தேங்காய் எல்லாவற்றையும் பனியில் இறக்கி வைத்தார்கள். பிறகு பின்னால் நின்று தள்ளினார்கள்.

நான் அக்சிலரேட்டரைத் தொட்டேன். காரின் பின்பக்கம் இடது பக்கமாக வழுக்கி, ஓரத்தில் குவிந்திருந்த பனிமேட்டில் போய்ச் சாய்ந்தது. அங்கிள் விலகப் பாய்ந்து, உட்கார்ந்தபடியே விழுந்தார்.

"கல்யாணத்துக்கு முதல் காலை முறிச்சுப் போடாதேங்கோ!" என்று அன்ரி கத்தினார். "மகனுக்குப் பக்கத்தில நிக்கிறதுக்கு ஆள் வேணும்!"

ஏற்றத்தில் நிற்கும் காரின் பின்னால் ஆளை விட்டிருக்கிறேன். பிள்ளைகளே, இதைச் செய்யவே வேண்டாம்.

இறங்கி முழங்காலிட்டுச் சங்கிலி போடப் பார்த்தேன். வலது சில்லுக்குப் போட முடிந்தது. இடது சில்லு பனிமேட்டோடு ஒட்டிக்கொண்டு நின்றதால் கை போகவில்லை. ஒரு சங்கிலியோடு முயன்றேன். சங்கிலி போட்ட சில்லு பேசாமல் நின்றது, மற்றது மட்டும் சுற்றியது. இரண்டு சில்லும் ஒன்றாகச் சுற்றும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பிடிப்பில்லாத சில்லுக்கே ஓட்டம் போய்விடும் என்று பிறகு மெக்கானிக் விளக்கினார்.

அங்கிள் மகனுக்கு போன் எடுத்தார். விடுதியின் பனி வண்டி, ஆட்களை ஏற்றக் கீழே போய்விட்டதாம். வர ஒரு மணித்தியாலம் ஆகுமாம்.

"நல்ல நேரம் முடிய முக்கால் மணித்தியாலம்தான் கிடக்கு" என்றார் ஐயர். அதுவரை பகிடி விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தவர் இப்போது சிரிக்கவில்லை.

அங்கிளுக்கு ஒரு முழங்காலில் சத்திரசிகிச்சை செய்திருந்தது. செருப்போடு ஐயரும் அந்த ஏற்றத்தில் ஏற முடியாது. அன்ரி தட்டத்தை நெஞ்சோடு அணைத்தபடி மேலே பார்த்தார். மரங்களுக்குள் விடுதியின் கூரை தெரிந்தது. "அந்தப் பிள்ளை மணவறையில இருந்துகொண்டு வாசலைப் பார்க்கப் போகுது" என்றார். அழவில்லை, சொன்னார். கால் விறைக்குது என்று பின் சீற்றில் ஏறிக் கதவைச் சாத்தினார்.

நான் இன்னும் அக்சிலரேட்டரை மெதுவாகத் தொட்டுக்கொண்டிருந்தேன். அன்ரி ஏறி உட்கார்ந்ததும் சில்லின் சத்தம் மாறியது. கீச்சென்று சுற்றியது கொஞ்சம் தடித்தது. கார் ஒரு சாண் முன்னேறி நின்றது.

"அன்ரி, இப்பத்தான் ஏறினனீங்களோ?"

"ஓம், ஏன்? இறங்கட்டோ?"

"இல்லை, இருங்கோ! ஐயா, நீங்களும் ஒருக்கா ஏறுங்கோ, பின்னுக்கு."

ஐயர் ஏறினார். கார் இன்னும் ஒரு முழம் ஏறியது. எனக்கு உறுதியாகத் தெரிய வேண்டும். "ஒருக்கா இறங்குங்கோ ஐயா." இறங்கினார். சில்லு வெறுமே சுற்றியது. "திரும்ப ஏறுங்கோ." ஏறினார். கார் அசைந்தது.

"என்ன பிள்ளை, நான் என்ன அரிசி மூட்டையே?"

"ஓம் ஐயா, இப்ப அப்பிடித்தான்" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று விளங்கி, முகம் சூடாகிவிட்டது. ஐயர் குலுங்கிச் சிரித்தார். அந்தச் சிரிப்பிலும் கார் கொஞ்சம் பதிந்தது.

பாரத்தைக் குறைத்தது பிழை என்று அப்போதுதான் தெரிந்தது. இன்ஜின் முன்னால் இருக்கிறது. தள்ளுகிற சில்லு பின்னால் வெறுமையாக இருக்கிறது. அதன் மேல் பாரம் இருந்தால்தான் அது பனியில் பதியும். நாங்கள் இருந்த பாரத்தையும் இறக்கிவிட்டு, ஏன் ஏறவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

"அங்கிள், எல்லாச் சாமானையும் திரும்ப டிக்கியில ஏத்துங்கோ. நீங்களும் பின்னுக்குத்தான் இருக்கோணும்."

"பின்னுக்கு மூண்டு பேரோ? நெரிபடுமே!"

"நெரிபட்டால் நல்லது."

அங்கிள் மறு பேச்சில்லாமல் செங்கல்லைத் தூக்கினார். மணல் பையைத் தூக்கியபோது ஐயர் கண்ணாடியை இறக்கினார். "பிள்ளை, சுத்துற சில்லுக்குக் கீழ கொஞ்சம் மண் போட்டால் பிடிக்காதோ?"

"ஐயர்! அது ஓமத்துக்கெண்டு கழுவிக் காய வச்ச மண்!" என்றார் அன்ரி.

"ஓமத்துக்கு அரைவாசி போதும். ஓமம் தொடங்கிறதுக்கு நாங்கள் போய்ச் சேரோணுமே. போடு பிள்ளை."

இடது சில்லுக்கு முன்னால், தேய்ந்து பளபளத்த பனியில், இரு கையாலும் மணலைத் தூவினேன். கை விறைத்து மணல் படுவதே தெரியவில்லை. உள்ளே வந்து, பின்னால் மூன்று பேரும் தோளோடு தோளாக நெருங்கி இருப்பதைக் கண்ணாடியில் பார்த்தேன். நடுவில் அன்ரி, மடியில் தட்டம்.

மெதுவாக மிதித்தேன். இடது சில்லு மணலைக் கடித்தது. பனிமேட்டை உரசிக்கொண்டு கார் வெளியே வந்தது. இனி எதற்கும் நிற்கக் கூடாது. முன்னால் இன்னொரு பலகைக்காரர் கூட்டம் வீதியை நிறைத்து நடந்துகொண்டிருந்தது. எங்கள் வேலையில் ஹோர்ண் அடிப்பது மரியாதைக் குறைவு. நான் கையை எடுக்காமல் அழுத்திப் பிடித்தேன். அவர்கள் இரண்டு பக்கமும் பனிக்குள் பாய்ந்தார்கள்.

"அடி பிள்ளை, அடி!" என்று பின்னால் மூன்று பேரும் கத்தினார்கள்.

4. கீழே இறங்கும்போது

தாலி நல்ல நேரத்துக்குள் ஏறியது. மணல் குறைந்ததால் ஐயர் செங்கற்களை நெருக்கி வைத்துக் குண்டத்தைச் சிறிதாகக் கட்டினார். ஒருவரும் கவனிக்கவில்லை. நான் ஈரச் சப்பாத்தோடு வாசலில் நின்று பார்த்தேன். கூறை உடுத்து வந்த பெண்ணை அன்ரி உச்சி முதல் பாதம் வரை ஒரு முறை பார்த்தார். பிறகு திரும்பி என்னைத் தேடிப் பிடித்து, கையால் சைகை காட்டி முன் வரிசையில் இருத்தினார்.

பிள்ளைகளுக்கு நான் சொல்ல வருவது பனியைப் பற்றி மட்டுமில்லை. அன்று எல்லாரும் இறங்கியதும் தள்ளியதும் எனக்கு உதவி செய்யத்தான். அவர்கள் மேல் பிழை இல்லை. சில்லின் சத்தம் ஸ்ரியரிங்கைப் பிடித்திருப்பவருக்குத்தான் முதலில் கேட்கும். அப்படிக் கேட்டதை வாய் திறந்து சொல்வதும், எங்கே நிற்க வேண்டும், எங்கே இருக்க வேண்டும் என்று ஆட்களைக் கேட்பதும் ஓட்டுகிற வேலையில் ஒரு பாதி. எவ்வளவு பெரிய மனிதரானாலும், எவ்வளவு கூச்சமானாலும்.

அன்று பின்னேரம் ஐயரை மட்டும் ஏற்றிக்கொண்டு இறங்க வேண்டியிருந்தது. விடுதி வாசலில் சமதரையில், இரண்டு பின் சில்லுக்கும் சங்கிலி போட உட்கார்ந்தேன். கல்யாண வீட்டு இளைஞர்கள் ஏழெட்டுப் பேர் சூழ்ந்துகொண்டார்கள்.

"தள்ளவோ அக்கா?"

"வேண்டாம். ஒராள் இந்தச் சில்லடிப் பனியைக் கிண்டுங்கோ. ஒராள் சங்கிலியின்ர நுனியைப் பிடியுங்கோ. மற்ற ஆக்கள் காருக்குப் பின்னால நிக்காமல் விலகுங்கோ."

சொன்னபடி செய்தார்கள். கையைத் துடைத்துவிட்டு ஐயருக்காக முன் கதவைத் திறந்தேன். முன் சீற் காலியாக இருந்தது. அவர் ஒருவரும் கேட்காமலே பின் சீற்றின் நடுவில் ஏறி, இரண்டு பக்கமும் கையை ஊன்றி, அசையாமல் இருந்தார்.