‘என்னைப் பற்றி’ என்றொரு பக்கம்

கல்லூரியில் நடந்த அந்தக் கூட்டத்தில் நான் நித்திரையாகிப் போனது உண்மை. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு வைக்கும் கூட்டங்களில் என் தலை தானாக முன்னால் விழும். பிறகு திடுக்கிட்டு நிமிரும். பார்ப்பவர்களுக்கு அது சம்மதம் தெரிவிப்பதுபோல இருக்குமாம். இறுதியாண்டு மாணவர் இருபத்தாறு பேருக்கும் இணையத்தில் ஆளுக்கொரு போர்ட்ஃபோலியோ செய்விக்கும் பொறுப்பு அப்படித்தான் என் தலையில், அதாவது ஆடிய அதே தலையில், வந்து விழுந்தது.

போர்ட்ஃபோலியோ என்றால் பெரிய சங்கதி இல்லை. வடிவமைப்புப் படிக்கும் பிள்ளைகள் தாங்கள் செய்த வேலைகளை ஒரு இணையப் பக்கத்தில் ஒழுங்காக அடுக்கிவைத்து, அந்தப் பக்கத்தின் இணைப்பை வேலை கொடுக்கக்கூடியவர்களுக்கு அனுப்ப வேண்டும். நாங்கள் படங்கள் அடுக்கிய கோப்பைக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு வெயிலில் திரிந்தோம். இவர்களுக்குத் திரியத் தேவையில்லை. இவர்களுக்காக நான் திரிந்தேன்.

முதல் இரண்டு கிழமையும் கடவுச்சொல்லோடு போயிற்று. பாதிப் பேர் மறந்தார்கள். மறக்காதவர்கள் அதை வகுப்புப் பலகையில் எல்லாரும் பார்க்க எழுதிவைத்தார்கள். மூன்றாம் கிழமை, செய்த வேலைகளைப் போடுங்கள் என்றேன், சான்றிதழ்களைப் போட்டார்கள். சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு, பேச்சுப் போட்டி, முதலுதவிப் பயிற்சி, எல்லாம் பளபளக்கும் உறை போட்டவை. ஒருவனுடைய சான்றிதழில் எழுத்தே தெரியவில்லை. படம் எடுத்த கைபேசியும் அதைப் பிடித்திருந்த அவன் கையும் மட்டும் வெகு தெளிவாகத் தெரிந்தன. எனக்கு மின்விசிறிக்குக் கீழே போய்ப் படுக்க வேண்டும்போல இருந்தது. மின்விசிறியும் வேலை செய்யவில்லை.

பிறகு ‘என்னைப் பற்றி’ என்ற பக்கம் வந்தது. ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை.

“சேர், என்னத்தை எழுதிறது?”

“உங்களைப் பற்றி எழுதுங்கோ.”

“எங்களைப் பற்றி என்ன சேர் கிடக்கு?”

என்னுடைய பெயரிலேயே ஒரு பக்கத்தைத் திறந்து, கடவுச்சீட்டுக்கு எடுத்த படத்தை மேலே போட்டு, பத்து நிமிடத்தில் ஒரு மாதிரி எழுதிக் காட்டினேன். “புத்தூரைப் பிறப்பிடமாகவும் உரும்பிராயை வசிப்பிடமாகவும் கொண்ட நான், இருபத்திரண்டு ஆண்டுகள் ஆசிரியராகக் கடமையாற்றி, பழகுவதற்கு இனியவனாகவும் மாணவர்களின் அன்புக்குப் பாத்திரமானவனாகவும் விளங்கினேன்.” வாசித்துப் பார்த்தேன். பரவாயில்லை, இன்னும் கையில் எழுத்து இருக்கிறது என்று ஒரு சின்னப் பெருமைகூட வந்தது.

பின்வரிசையில் இருந்து கரவெட்டிப் பிள்ளை ஒருத்தி எழும்பி வந்து திரையைப் பார்த்தாள். அதிகம் கதைக்காத பிள்ளை. காலையில் நெல்லியடியில் ஒரு அச்சகத்தில் வேலை செய்துவிட்டுத்தான் வகுப்புக்கு வருவாள்.

“நல்லா வந்திருக்கு சேர்,” என்றாள். “கிரியை எத்தினை மணிக்கு எண்டு மட்டும் போடேல்லை.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் எழுதியிருந்தது மரண அறிவித்தல். என்னைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு மனிதரைப் பற்றி நாலு வரி நல்லதாக எழுதுவது அந்த ஒரு சந்தர்ப்பத்தில்தான். வேறு நடை எனக்கு எங்கே தெரியும்? ஆனால் நான் திரும்பிப் பார்ப்பதற்குள் மற்ற இருபத்தைந்து பேரும் ஊர்ப்பெயரை மாற்றிப் பிரதிபண்ணி முடித்திருந்தார்கள். என் மேற்பார்வையில் இருபத்தைந்து இளம் வயதினர் ஒரே பின்னேரத்தில் காலமாகியிருந்தார்கள். அவர்களை ஒவ்வொருவராக உயிர்ப்பிக்க இரண்டு நாள் எடுத்தது. என்னுடையதை அப்படியே விட்டுவிட்டேன். களைப்பு. நாளைக்குப் பார்ப்போம், என்னை ஆர் தேடப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

அந்தப் பிள்ளை செத்தவர்களின் விஷயத்தில் தொழில்காரி. அச்சகத்தில் அவளுடைய வேலை மரண அறிவித்தலும், முப்பத்தோராம் நாள் வீட்டில் வந்தவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகமும் வடிவமைப்பது. அந்தப் புத்தகத்துக்கு எங்கள் பக்கத்தில் கல்வெட்டு என்று பெயர். ஆனால் அவளுடைய போர்ட்ஃபோலியோவில் அதில் ஒன்றுகூட இல்லை. இல்லாத ஒரு பழச்சாறுக் கடைக்கு இலச்சினை, தண்ணீரைச் சேமிப்போம் என்றொரு சுவரொட்டி, ஒரு கலியாணக் காட். மூன்றும் வகுப்பில் நான் சொல்லிச் செய்தவை. அதனால்தான் அவ்வளவு மோசம்.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள், கொழும்பில் ஒரு வடிவமைப்பு நிறுவனத்துக்கு இணைப்புகளை அனுப்ப வேண்டியிருந்தது. எங்கள் கல்லூரியிலிருந்து ஒரேயொரு பயிலுனரை எடுப்பார்கள். அது கிடைக்காவிட்டால் அவளை முழுநாளும் அச்சகத்துக்கே அனுப்புவதென்று வீட்டில் முடிவு செய்திருந்தார்கள்.

“கடையிலை செய்யிறதெல்லாம் எங்கை பிள்ளை?”

“அது செத்தவீட்டு வேலை சேர். அதைப் போய் ஆர் காட்டுவினம்?”

“காட்டு, பாப்பம்.”

கைபேசியில் ஒன்றைத் திறந்து தந்தாள். பருத்தித்துறை வீதியில் முப்பது வருடம் பஸ் ஓட்டிய ஒருவருடைய கல்வெட்டு. குத்துவிளக்கு இல்லை, தாமரை இல்லை. அட்டையிலிருந்து கடைசிப் பக்கம்வரை ஒரு வீதி ஓடியது. பிறந்தது ஒரு தரிப்பிடம், பள்ளிக்கூடம் ஒரு தரிப்பிடம், கலியாணம் ஒன்று, பிள்ளைகள் மூன்று. நடுவில் ஒரு தரிப்பிடத்துக்குப் பெயர் எழுதவில்லை. வீதி மட்டும் அந்த இடத்தில் கொஞ்சம் ஒடுங்கிப் போனது.

“இதுக்கு ஏன் பேர் இல்லை?”

“அந்த வருசத்தைப் பற்றி வீட்டுக்காரர் கதைக்கேல்லை சேர். நானும் கேக்கேல்லை.”

இருபத்திரண்டு வருடமாக வெற்றிடத்தின் அருமை என்று ஒரு பாடம் நடத்திவருகிறேன். நான் ஒருநாளும் அதை இப்படிச் செய்ததில்லை.

பஸ்காரருடைய மகனிடம் கேட்டோம். “அப்பாவை நாலு பேர் பாக்கட்டும், போடுங்கோ,” என்றார். சிக்கல் வேறு இடத்திலிருந்து வந்தது. திங்கட்கிழமை பிள்ளையின் தாய் கல்லூரிக்கு வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார். இருங்கோ என்றேன், இருக்கவில்லை.

“சேர், இவள் செத்த ஆக்களின்ரை படத்தைக் காட்டித்தான் வேலை கேக்கப்போறாளாம். நீங்கள்தான் சொன்னனீங்களாம்.”

“ஓம் அம்மா. அதுதான் இவவின்ரை நல்ல வேலை.”

“ஒரு நல்ல காரியத்துக்குப் போகேக்கை இழவைக் கையிலை பிடிச்சுக்கொண்டு போறதே? நாளைக்கு ஒரு சம்பந்தம் வந்தா மாப்பிளை வீட்டார் உதைத்தான் முதல் பாப்பினம்.”

“மாப்பிளை வீட்டுக்கு அனுப்பேல்லை அம்மா. கொம்பனிக்கு.”

“இன்ரநெற்றிலை போட்டா எல்லாருக்கும்தானே. உங்கடை பிள்ளையெண்டா போடுவியளே?”

என்னுடைய பிள்ளை வெளிநாட்டில் இருக்கிறான். உயிரோடு இருக்கிற என்னுடைய படத்தையே அவன் எங்கும் போட்டதில்லை. அதைச் சொல்லி என்ன பயன்? யோசித்துச் சொல்லுங்கோ என்றேன். யோசிச்சிட்டுத்தான் வந்தனான் என்றார். தாய் போன பிறகு, பக்கத்தைச் செய்துதான் வைப்போமே என்று பிள்ளையிடம் மெல்லச் சொன்னேன். அவள் தலையாட்டினாள். என்னுடையதைப்போல நித்திரைத் தலையாட்டல் இல்லை.

“செய்து வைக்கிறன் சேர். ஆனா அம்மா ஓமெண்டாத்தான் அனுப்புவன். கள்ளமா அனுப்பேலாது.”

புதன்கிழமை வகுப்பில், இணைப்பை எப்படிப் பகிர்வது என்று காட்ட வேண்டியிருந்தது. எடுத்துக்காட்டுக்கு என்னுடைய பக்கத்தின் இணைப்பைப் பழைய மாணவர்களின் வட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினேன். பார்த்தீர்களா, எவ்வளவு சுகம் என்றேன். வீட்டுக்குப் போய், கைபேசியின் சத்தத்தை நிறுத்தி, எட்டு மணிக்கே படுத்துவிட்டேன்.

மறுநாள் பௌர்ணமி, போயா விடுமுறை. ஒன்பது மணிபோல நான் கிணற்றடியில் பல் தீட்டிக்கொண்டிருந்தேன். முன்பக்கம் ஆரோ வந்த சத்தம் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. எட்டிப் பார்த்தால், விறாந்தைக் கதிரையில் பிள்ளையின் தாய். எதிரே என் மனைவி. இரண்டு பேரும் ஒன்றும் கதைக்கவில்லை. செத்தவீட்டில் வந்தவரை வாங்கோ என்று கேட்கும் வழக்கமில்லை என்று அந்த அம்மா சும்மா இருந்தார். வந்தவர் வந்த அலுவலைச் சொல்லட்டும் என்று என் மனைவி பார்த்துக்கொண்டிருந்தார். நான் கட்டிய சாரமும் கையில் பல் பிரசுமாக உள்ளே போனேன். அந்த அம்மா முதலில் என் காலைத்தான் பார்த்தார். நிலத்தில் முட்டுகிறதா என்று.

“இருக்கிறியள்,” என்றார்.

“இருக்கிறன் அம்மா. என்ன அலுவலா வந்தனீங்கள்?”

“உங்கடை செத்தவீட்டுக்கு.”

கைபேசியை எடுத்துக் காட்டினார். கனடாவில் இருக்கும் அவருடைய தம்பி, பிள்ளை அச்சகத்துக்குப் போன பிறகு அனுப்பியது. என்னுடைய கடவுச்சீட்டுப் படம், அதன் கீழே பிறப்பிடமும் வசிப்பிடமும். முதல் வரியோடு வெட்டுப்பட்டு நின்றது. மிச்சத்தைத் திறந்து பார்க்க ஒருவருக்கும் பொறுமை இருக்கவில்லை. ஓடிப்போய் என்னுடைய கைபேசியைப் பார்த்தேன். ஆழ்ந்த இரங்கல், ஓம் சாந்தி, கும்பிடும் கைகள். ஒரு பழைய மாணவன், “நல்ல மனுசன், புள்ளி போடுறதிலைதான் கொஞ்சம் கஞ்சத்தனம்,” என்று எழுதியிருந்தான். அதற்கும் பதினாறு பேர் கும்பிட்டிருந்தார்கள்.

மனைவி வாங்கிப் பார்த்தார். “இப்ப மறுத்து எழுதப்போறியளோ,” என்று கேட்டார், “இல்லாட்டி செத்தவீட்டு எட்டுச் செலவும் முடியட்டுமோ?”

அந்த அம்மா சிரிக்கவில்லை. கரவெட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த களைப்பு முகத்தில் இருந்தது. தன் கைபேசியைத் திரும்ப எடுத்து, இரண்டு விரலால் என் முகத்தைப் பெருப்பித்துப் பார்த்தார்.

“உது ஆர் செய்தது? என்ரை பிள்ளையே?”

“இல்லையம்மா. நான்தான்.”

“அதுதானே பாத்தன்.” விரலால் திரையைத் தட்டினார். “முகம் ஒரு கரைக்குப் போய் நிக்குது. ஊர் ரெண்டையும் ஒரே வரியிலை நெரிச்சு விட்டிருக்கிறியள். கண் எங்கை போறதெண்டு தெரியேல்லை. அவள் செய்தாளெண்டா கண் முதல் முகத்துக்குப் போகும், பேந்துதான் பேருக்கு வரும். பின்னேரத்திலை எனக்குக் காட்டிக் கேக்கிறவள். மற்ற ஆக்கள் குடுக்கிற கல்வெட்டைச் சனம் வாசிச்சிட்டு அலுமாரிக்கு மேலை எறியும். அவள் செய்த பஸ்காரற்றையை, தனக்கும் ஒண்டு வேணுமெண்டு முன்வீட்டு மனுசி வந்து வாங்கிக்கொண்டு போனவ. அந்த மனுசிக்கு அவரைத் தெரியவும் தெரியாது.”

சொல்லிவிட்டு நிறுத்தினார். தான் என்ன சொன்னோம் என்று தானே கேட்டவர்போல இருந்தார். இந்த இடத்தில் நான் ஏதாவது புத்தி சொல்லியிருப்பேன்; காரியமும் கெட்டிருக்கும். வாயில் பற்பசை இருந்தபடியால் நீளமாகக் கதைக்க முடியாதது நல்லதாய்ப் போயிற்று.

மனைவிதான் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு கேட்டார். “அப்ப அதைத்தானே கொம்பனிக்காரருக்குக் காட்டோணும்?”

அந்த அம்மா தேத்தண்ணியை எடுத்துக் குடித்தார்.

“முதல் பக்கத்திலை வேண்டாம் சேர். முதலிலை அந்தக் கலியாணக் காட் இருக்கட்டும். பேந்து அதைப் போடச் சொல்லுங்கோ.”

“நீங்களே சொல்லுங்கோ அம்மா.”

“சொல்லுறன்.”

எழும்பி, வாய் திறக்காமல் படலைவரை போய்விட்டார். செத்தவீட்டுக்கு வந்த கால் அப்படித்தான் போகும். பிறகு திரும்பி வந்து, “போயிட்டு வாறன் சேர்,” என்று சொல்லிவிட்டுப் போனார். நான் வாய் கொப்பளித்துவிட்டு, நான் உயிரோடு இருப்பதாகக் குழுவுக்கு எழுதினேன். அதற்கு அவ்வளவு பேர் கும்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்குப் பிள்ளை இணைப்பை அனுப்பினாள். முதலில் கலியாணக் காட், அடுத்தது பஸ் வீதி. கூடவே இன்னும் ஏழு பேரும் அனுப்பினார்கள். அதில் ஒன்று அந்தக் கைபேசியும் கையும் தெரிகிற சான்றிதழ். எனக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

அடுத்த புதன்கிழமை வகுப்பு நடக்கும்போது அவளுடைய கைபேசி அடித்தது. நடைவழிக்குப் போய்க் கதைத்தாள். நான் கதவோரம் இருந்த கணினியின் பின்பக்கத்தில் வயர் தேடுவதுபோலக் குனிந்து நின்றேன். என் இடுப்புக்கு அது கூடாது என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார்.

“ஓம் மேடம்... ஓம், கல்வெட்டு எண்டுதான் சொல்லுறது... இல்லை, அச்சகத்தின்ரை பேர்தான் பின்னாலை இருக்கும். எங்கடை பேர் போடுறேல்லை.” கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றாள். “வீதியாப் போடுவமெண்டு யோசிச்சது நான். கீறினதும் நான். ஓம், முழுக்க நான்தான்.”

நான் குனிந்தபடி நின்றேன். நிமிர்ந்தால் எலும்பு சத்தம் போடும்.

“அடுத்த மாதமோ? அம்மாவிட்டைக் கேட்டிட்டு...” என்று தொடங்கியவள் நிறுத்தினாள்.

“இல்லை மேடம்,” என்றாள். “வாறன்.”