நெத்திலி வலையும் சிங்கநகப் பூவும்

நோல்வியா அல்கின்தாவுக்கு வாய் நீளம். எங்கள் கடலோர ஊரான காரிசால் பாஹோவில் இதை மறுக்க ஆள் கிடையாது. பாலைவனப் பூங்காவின் காவலர் அவள், பத்தொன்பது வருஷமாக அதே பச்சைச் சட்டை. மழை பெய்து பாலை பூக்கும் வருஷத்தில் தலைநகர் சாந்தியாகோவிலிருந்து வண்டி வண்டியாக வருவார்கள், படம் எடுக்கப் பூவின் மேலேயே படுப்பார்கள். "எந்திரிங்க! உங்க வீட்டு மெத்தையா இது?" என்று இவள் போடும் அதட்டல் கடலோரத்தில் நான் மீன் வறுக்கும் கடை வரைக்கும் கேட்கும். எனக்கு அவளைப் பிடித்ததே அதனால்தான்.

அவளுடைய உயிர் ஒரு வறண்ட ஓடையில் இருந்தது. சிங்கநகப் பூ அங்கேதான் வளரும். தரையோடு படர்ந்து, கை கொள்ளாத சிவப்புக் கொத்தாகப் பூக்கும். மழை இல்லாத வருஷங்களில் மண்ணுக்குள் கிழங்காகத் தூங்கும். முன்பெல்லாம் குளிர்காலத்து மழைதான் அதை எழுப்பும். இப்போது மழைக்கும் புத்தி கெட்டுவிட்டது. ஒரு வருஷம் நடுக்கோடையில் கொட்டியது. கிழங்கு ஏமாந்து முளைத்து, பூக்காமலே கருகியது. இரண்டு வருஷம் கழித்து மறுபடியும் அதே கதை.

"கிழங்குல எவ்வளவுதான் சத்து இருக்கும், சொல்லுங்கக்கா? இன்னொரு தடவை கருகினா அவ்வளவுதான். அப்புறம் எந்த மழைக்கும் எந்திரிக்காது" என்றாள் என்னிடம்.

போன வருஷம், எங்கள் பக்கம் குளிர்காலம் தொடங்கும் மே மாதத்தில், மழை பெய்தது. ஓடையில் முளை விட்டது. ஆடுகளும் வந்தன, ஆட்டை விட மோசமான ஜனங்களும் வந்தார்கள். நோல்வியா என் வீட்டுக்காரர் பெலார்மீனோவிடம், "அண்ணே, ஞாயித்துக்கிழமைக்குள்ள ஓடையைச் சுத்தி ஒரு வலை கட்டிக் குடுங்க" என்றாள். அவள் சொன்னது கம்பி வலையை. காவல் வீட்டுப் பின்புறம் சுருட்டி வைத்திருந்தாள். இவரோ நாற்பது வருஷம் கடலில் கிடந்தவர். இவர் காதுக்கு வலை என்றால் ஒன்றுதான். பழைய நெத்திலி வலையை இரண்டு மடிப்பாக்கி, கழி நட்டு, விறைப்பாக இழுத்துக் கட்டிவிட்டு வந்தார்.

மறுநாள் கடை வாசலில் பூகம்பம்.

"என்னண்ணே இது! பூங்காவா, படகுத்துறையா? ஓடை முழுக்க நாறுது!"

"வலை கேட்ட, வலை கட்டினேன். ரோஜாத் தண்ணி தெளிச்சுக் கட்டணுமா?"

"குருவி மாட்டினா யார் பதில் சொல்றது? கழட்டுங்க!"

"கட்டினது நான். கழட்டுறது நீ."

இரண்டு பேரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். வீம்பில் இரண்டும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். இன்றைக்கு நாளைக்கு என்று மாதங்கள் ஓடின, வலை அப்படியே நின்றது.

ஆகஸ்டில் அனல் வந்தது. குளிர்காலத்தில், ஆறு நாள்! சமவெளியில் மொட்டோடு நின்ற செடியெல்லாம் கருகியது. கடலிலிருந்து எப்போதும் ஏறி வரும் மூடுபனிகூட இரண்டே இரண்டு விடியலில்தான் எட்டிப் பார்த்தது. ஏழாம் நாள் காலை, "போய்ப் பாத்துட்டு, அந்த வலையையும் கழட்டிட்டு வந்துடறேன்" என்று நோல்வியா கிளம்பினாள். அவள் முகத்தைப் பார்த்துத் தனியாக அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. கடையைப் பூட்டினேன்.

ஓடையில் இலைகள் காய்ந்த காகிதமாகக் கிடந்தன. அவள் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனாள். வலையடிக்கு வந்ததும் நின்றாள். அங்கே மட்டும் மண் கறுத்து ஈரமாக இருந்தது. பனி வலைக்கண்ணில் மாட்டி, முடிச்சு முடிச்சாகச் சொட்டியிருக்கிறது. வலையடி நெடுகச் செடிகள் பச்சையாக நின்றன. எண்ணினாள். பதினொன்று.

அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதாள். இவளுக்கு அழத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். நானும் அழுதேன், பொய் சொல்வானேன். வலையை அவள் கழற்றவில்லை. குருவி மாட்டாதபடி, தொய்ந்த இடங்களை இன்னும் இறுக்கிக் கட்டினாள்.

செப்டம்பரில் பதினொன்றும் பூத்தன. அப்புறம் விதையும் உதிர்த்தன.

இந்த வருஷமும் மழை கொஞ்சம் எட்டிப் பார்த்தது. போன வாரம் நோல்வியா, ஓடையில் வலை கட்ட மேலிடம் தந்த அனுமதிக் கடிதத்தோடு கடைக்கு வந்தாள். என் வீட்டுக்காரர் தலை நிமிராமல் மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, வலை வேணும்."

"எந்த வலை? தெளிவா சொல்லும்மா. எனக்குக் காது மந்தம்."

நோல்வியா ஒரு நிமிஷம் பல்லைக் கடித்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"விதையிலேர்ந்து மூணு புதுசா முளைச்சிருக்குண்ணே. அதுக்கும் பனித்தண்ணி எட்டணும். அதே மாதிரி நாறுற வலையே இன்னொண்ணு குடுங்க. பெருசா."