ஒட்டாத கை

அம்மாவின் அண்ணன், எங்கள் சுவிஸ் மாமா, நல்ல மனிதர். யாருக்கு எதைக் கொடுக்கக் கூடாதோ அதையே தேடிப்பிடித்துக் கொண்டுவருவார் என்பதுதான் அவரிடம் ஒரு குறை. சர்க்கரை வியாதிக்காரியான பெரியம்மாவுக்குப் பெட்டி நிறையச் சொக்லேட். குடியை விட்டு ஒரு வருடம்கூட ஆகாத அப்பாவுக்கு இரண்டு போத்தல்.

அப்பா கண்ணகை அம்மன் சடங்கின்போது, இனி வாயில் வைக்கமாட்டேன் என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்திருந்தார். அந்தச் சத்தியத்தை அப்பாவைவிட அம்மாதான் கண்ணும் கருத்துமாகக் காத்துவந்தாள். மாமா விமானம் ஏறியதும் போத்தல்களை அலுமாரியில் சேலைகளுக்குப் பின்னால் வைத்துப் பூட்டினாள். வாவியில் கொட்டியிருக்கலாம். அண்ணன் தந்ததைக் கொட்ட மனம் வரவில்லை.

அம்மா வீட்டில் கேக் அடித்து விற்பாள். பிறந்தநாள் கேக்குகளோடு போய்க்கொண்டிருந்த அந்தத் தொழிலுக்கு, வவுணதீவுக் கலியாண வீடொன்றிலிருந்து முதன்முதலாக ரிச் கேக் கேட்டு ஆள் வந்தது. நன்றாக வந்தால் ஊர் முழுக்கப் பேர். பிழைத்தால் பிறந்தநாள் கேக்கும் கையை விட்டுப் போகும். அதற்கான பழங்களைப் பிரண்டியில் ஊறப்போட வேண்டும். சாராயக் கடைக்கு அப்பாவை அனுப்ப அம்மாவுக்குப் பயம். தான் போய் நிற்கவும் முடியாது. கடைசியில் அலுமாரியைத் திறந்தாள்.

இரண்டு போத்தலிலும் ஒரே பேரிக்காய்ப் படம், எங்களுக்கு விளங்காத எழுத்து. ஒன்று கிணற்றுத் தண்ணீர் மாதிரித் தெளிவு, மற்றது பொன்னிறம். பிரண்டி என்றால் பொன்னிறம்தானே என்று அம்மா அதைத் திறந்து, சீனியில் ஊறிய இஞ்சிக்கும் பூசணிக்கும் மேலே சரிக்கப் போனாள். முற்றத்தில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த அப்பா அதைக் கண்டுவிட்டார்.

"ஊத்தாத புள்ள! நிறத்தப் பாத்துச் சொல்ல ஏலா."

"அப்ப எது பிரண்டி? நீங்க கொஞ்சம்..." என்று தொடங்கிய அம்மா வாயை மூடிக்கொண்டாள். ருசி பார்த்துச் சொல்லுங்கள் என்று அவளால் எப்படிக் கேட்க முடியும்?

அப்பா குசினி வாசல்வரை வந்தார். உள்ளே வரவில்லை. கையை நீட்டியவர், என்ன நினைத்தாரோ, அதை இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அம்மாவுக்குப் பக்கத்தில் நின்ற என்னைக் கூப்பிட்டார்.

"மகள், ரெண்டு கையையும் நீட்டு."

அம்மா என் இடது உள்ளங்கையில் பொன்னிறத்தில் கொஞ்சமும் வலது உள்ளங்கையில் தெளிந்ததில் கொஞ்சமும் விட்டாள். விரலை மடக்கித் தேய்க்கச் சொன்னார் அப்பா. எனக்கு ஒரே பெருமை.

"இப்ப சொல்லு, எந்தக் கை ஒட்டுது?"

இடது கை இனிப்பு பிடித்த கைபோலப் பிசுபிசுத்தது. வலது கை சில்லென்று குளிர்ந்து காய்ந்து, பழ மணத்தை மட்டும் மிச்சம் வைத்தது.

அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஒட்டுறது, சாராயத்துக்குள்ள பழத்த ஊறவச்சுச் சீனி கரைச்சது. ஒட்டாதது, பழத்தையே புளிக்கவச்சு வடிச்சது, நம்மட ஆக்கள் கள்ளுல சாராயம் வடிக்கிற மாதிரி. அதுதான் பிரண்டி, அதுல சீனி ஒரு பொட்டும் இல்ல. உன்ட பழத்துல இருக்கிற சீனியே காணும், மேல வேணாம். தெளிஞ்சத ஊத்து."

கேக் கலியாணத்தில் பேர் வாங்கியது. அதன்பிறகு வந்த கலியாணக் கேக்குகள்தான் என்னைப் படிக்க வைத்தன. அவற்றில் ஒரு துண்டைக்கூட அப்பா இன்றுவரை வாயில் வைத்ததில்லை. என் படிப்புக்கு நான் அம்மாவின் கைக்கு நன்றி சொன்ன அளவுக்கு, முதுகுக்குப் பின்னால் போன அந்தக் கைக்கும் சொல்லியிருக்க வேண்டும்.

அன்று எனக்கு அதெல்லாம் தெரியாது. என் கை கெட்டிக்காரக் கை, அதனால்தான் அப்பா என்னைக் கூப்பிட்டார் என்று நம்பினேன். கிணற்றடியில் அவரே தண்ணீர் அள்ளி ஊற்ற, சவுக்காரம் போட்டுக் கழுவினேன். கழுவியும் வலது கையில் பேரிக்காய் மணம் போகவில்லை. "மணந்து பாருங்கப்பா" என்று அதை அவர் மூக்கருகே கொண்டுபோனேன். அவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, இன்னொரு வாளி அள்ளித் தன் தலையிலேயே ஊற்றினார்.

அப்பாவுக்கு அந்த மணம் பிடிக்கவில்லை என்றுதான் நினைத்தேன்.